தவக்காலத்தில் திருமுகப் பலகை: மலைக் குளிரில் எது ஒட்டும், எது உரியும்

(மலையூர்க்காரர்கள் நால்வரின் பேச்சு. பேசுபவரின் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர்.)

கோத்தகிரி:
இயேசுவுக்குப் புகழ்! வீட்டுச் செபமேடைக்கு முட்டைக்கரு வண்ணத்தில் திருமுகம், அதாவது மரப்பலகையில் இயேசுவின் முகப்படம், எழுத நினைப்பவர்கள் சாம்பல் புதனன்றே பலகையை எடுத்துவிடுங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு 46 நாள் கிடைக்கும். பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. நீலகிரியில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் காற்றில் ஈரம் குறைவு. கோடை மழை பிடித்துவிட்டால் வண்ணத்துக்கு அடியில் போடும் சுண்ணப் பூச்சு காயாது.

பலகைக்கு முக்கால் இஞ்ச் மரைன் பிளைவுட் போதும். தோட்டத்து சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கும், ஆனால் நன்றாக உலராத கட்டை வளைந்துவிடும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வேண்டவே வேண்டாம், முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பழைய தேக்குக் கதவு கிடைத்தால் தின்னரில் இரண்டு தடவை துடையுங்கள். தேக்கில் இருக்கும் எண்ணெய் பசையைத் தள்ளிவிடும்.

தச்சர்கள் உருக்கும் வஜ்ரம் என்ற விலங்குப் பசை 50 கிராமை 600 மில்லி தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் கரையுங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் பிடிமானம் போய்விடும். மலையில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கிறதே, லேசாகக் கொதித்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வஜ்ரத்துக்கு அதுவும் அதிகம்தான்.

இந்தப் பசைநீரைப் பலகையின் முன்னும் பின்னும் பூசுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டால் ஈரம் அந்த வழியாக ஏறிப் பலகை கிண்ணம்போல வளையும். அடுத்து, கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித்துணியைப் பசையில் நனைத்து முன்பக்கம் ஒட்ட வேண்டும். துணி மறுநாள் காய்ந்த பிறகே சுண்ணம். ஒரு டம்ளர் பசைநீருக்கு ஒன்றரை டம்ளர் சீமைச்சுண்ணாம்புப் பொடி. பொடியைத் தூவி, தானாக மூழ்கவிட்டு, மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் குமிழி வரும். குமிழி உடைந்த இடமெல்லாம் ஊசித்துளை. முதல் பூச்சை விரலால் தேயுங்கள். மற்றவை தூரிகையில், ஒன்று குறுக்கே, அடுத்தது நெடுக்கே. எட்டிலிருந்து பத்துப் பூச்சு வரை, எல்லாம் ஒரே நாளில். இரவு தாண்டினால் அடுக்கு அடுக்காகப் பிரியும். ஈரப் பளபளப்பு மங்கியதும் அடுத்த பூச்சு. ஒரு ஜெபமாலை சொல்லும் நேரத்தை இடைவெளியாக வைக்காதீர்கள், அது இருபது நிமிடம்தான். பூச்சு பாதி காயக்கூடப் போதாது.

ஊட்டி:
அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். உறைபனி விழும் வாரங்களில் காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். குளிர்ந்த பலகையில் பட்டதும் வஜ்ரம் அல்வா மாதிரி கட்டிவிடும், தூரிகைக் கோடு அப்படியே நிற்கும். பலகையை வெயிலில் வைத்து, கை வைத்தால் இளஞ்சூடு தெரியும்போது பூசுங்கள். ஹீட்டரைப் பக்கத்தில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிப்பு விடும். வஜ்ரத்துக்குப் பதில் ஃபெவிகால் போடலாமா என்று கேட்காத ஆளே இல்லை. கூடாது. அது உறிஞ்சாது, முட்டை வண்ணம் பிடிக்காமல் உரியும்.

கொடைக்கானல்:
வண்ணத்தைப் பற்றி. மஞ்சள் கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி வெள்ளையைப் போக்குங்கள். பையை இரண்டு விரலால் தூக்கி, ஊசியால் குத்தி, கருவை மட்டும் கிண்ணத்தில் வடியுங்கள். தோல் விழுந்தால் தூரிகையில் திரிதிரியாக வரும். ஒரு கருவுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், நாலு சொட்டு வினிகர். நாட்டுக்கோழிக் கரு சிவப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அந்த நிறம் வெளிச்சத்தில் வெளிறிவிடும். இத்தாலியப் பழைய ஓவியர்கள் முதியவர் முகத்துக்கு அதைத்தான் எடுத்தார்கள்.

தண்ணீரில் அரைத்த வண்ணக் குழம்பும் கருவும் சம அளவு. கண்ணாடித் துண்டில் தடவிக் காயவிட்டுக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். தோலாகச் சுருண்டு வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு குறைவு. பிசுபிசுத்து மினுங்கினால் கரு அதிகம், பின்னால் வெடிக்கும்.

செங்காவியைக் கடையில் வாங்கத் தேவையில்லை. சாலை வெட்டிய கரையிலிருந்து இரண்டு கிலோ செம்மண், ஒரு வாளித் தண்ணீர். நன்றாகக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். நாலைந்து தடவை மாற்றிய பிறகு இரவு முழுக்கத் தெளியவிட்டால் அடியில் நிற்பதுதான் வண்ணம். தேயிலைத் தோட்ட மேல்மண் ஆகாது. மட்கும் உரமும் கலந்திருக்கும், பூஞ்சை வரும். முகம் எழுதும்போது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வர வேண்டும்: முதலில் பச்சை நிற மண்வண்ணமும் காவியும், மேலே மஞ்சள் காவி, கடைசியில் கண்ணோரத்தில் வெள்ளைக் கீற்று. தலைகீழாகப் போனால் முகம் சேறு.

குன்னூர்:
பிரதர், ஸ்தோத்திரம். எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் லெந்து நாட்களுக்கு, அதாவது தவக்காலத்துக்கு, உருவப்படத்தைவிட வசனப் பலகைதான் வழக்கம். மலையில் 121-ஆம் சங்கீதத்தைக் கேட்காதவர்கள் இல்லை. அதில் ‘பர்வதங்களுக்கு’ என்ற ஒரு சொல்லுக்கே ஒன்பது எழுத்து, மேலே மூன்று புள்ளி, கீழே ‘கு’வின் சுழி. ஒரு அடி அகலப் பலகையில் எழுத்து ஒரு இஞ்ச் உயரம் என்றால் வரிகளுக்கு நடுவிலும் ஒரு இஞ்சாவது விடுங்கள். இல்லையென்றால் மேல்வரிச் சுழி கீழ்வரிப் புள்ளியில் முட்டும். நீளமான சொல்லை முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்து, அதிலிருந்து எழுத்தளவை முடிவு செய்யுங்கள். முதல் எழுத்திலிருந்து தொடங்கியவர்கள் கடைசி வரியை நெருக்குவார்கள்.

கோத்தகிரி:
இதே சிக்கல் ஒளிவட்டத்திலும் உண்டு. கிழக்கத்திய மரபில் கிறிஸ்துவின் ஒளிவட்டச் சிலுவையில் மூன்று கரம், கரத்துக்கு ஒன்றாக ‘இருக்கிறவர்’ என்று பொருள்படும் மூன்று கிரேக்க எழுத்து. அந்தச் சொல்லைத் தமிழில் அப்படிப் பிரித்தால் ஏழு எழுத்தும் அர்த்தமில்லாமல் சிதறும். கரங்களை வெறுமையாக விட்டு, வட்ட ஓரத்தில் வளைத்து எழுதுவதே நல்லது.

கொடைக்கானல்:
பளபளப்புப் பூச்சு பற்றி யாரும் சொல்லவில்லை. மூடுபனியில் அரக்கு வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. ஆகஸ்டு மாதம் சலேத் மாதா திருவிழாவுக்குக் காணிக்கை என்று ஜூலையில் அடிப்பவர்களுக்கு இதுதான் நடக்கும். தங்க நிறத்துக்காகப் பித்தளைத் தகட்டை ஒட்டிவிட்டுப் பூச்சில்லாமல் விட்டால் பச்சை ஏறும். உண்மையான தங்கத் தாளுக்கு அந்தக் கவலை கிடையாது.

ஊட்டி:
பாஸ்கா திரி, அதாவது உயிர்ப்புத் திருவிழாவுக்கு ஏற்றும் பெரிய மெழுகுதிரி, செய்பவர்களுக்கு: வீட்டுக்கு இரண்டு இஞ்ச் விட்டம், பத்து இஞ்ச் உயரம் என்றால் அரைக் கிலோ தேன்மெழுகு. இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்கும், எவர்சில்வரில் உருக்குங்கள், 85 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பிவிசி குழாயை நெடுக அறுத்து, உள்ளே சோப்பு தடவி, டேப் சுற்றினால் அச்சு தயார். 70-75 டிகிரியில் ஊற்றிக் கம்பளியால் சுற்றி வையுங்கள். குளிரில் சட்டென்று ஆறினால் கீறல் விடும். நடுவில் திரி நூலைச் சுற்றிக் குழி விழும். கொஞ்சம் மெழுகை ஒதுக்கி வைத்து இரண்டாவது தடவை நிரப்புங்கள். திரி நூல், பாரஃபினுக்குப் போடுவதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும்.

மெழுகுதிரியில் பதிக்கும் சிலுவைக்கு மேலே ‘அ’, கீழே ‘ன’, நாலு மூலையில் ஆண்டின் நாலு எண். தமிழ் விவிலியமே ‘அகரமும் னகரமும்’ என்று சொல்லும்போது ஆல்பாவும் ஒமேகாவும் எதற்கு? எழுத்து வெட்டும் வண்ண மெழுகுத் தகட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள், குளிரில் நேராக வெட்டினால் ‘ன’வின் சுழி முறியும். ஐந்து சாம்பிராணி மணிகளுக்குத் துளையைச் சூடான ஊசியால் போடுங்கள். குளிர்ந்த ஊசி மெழுகைப் பிளக்கும். வாரங்கள் கழித்து மேலே சாம்பல் நிறம் படிந்தால் பூஞ்சை இல்லை. தேன்மெழுகு குளிரில் விடும் வெண்படலம். கை சூட்டில் மென்துணியால் தேய்த்தால் போய்விடும்.