மாடி அறைக்குச் சாமுராய் படம்

கதிர்: செங்கோட்டை வீட்டு மாடி அறையில் வெள்ளையடிப்பு முடிந்துவிட்டதால், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சாமுராய் வீரர்களின் படங்கள் ஐந்தைச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டலாம் என்றிருக்கிறேன். மாதிரிகளை மேலே அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா: காலையில் எழுந்ததும் உருவிய வாளின் முகத்திலா விழிப்பது? அதுவும் ஐந்து!

புனலூர் சித்தி: மூன்றாவது படத்தை வாங்காதே, கதிர். இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது. வலக்கையால் உருவுவதற்காகச் சாமுராய் வாளை இடப்பக்க இடுப்பில்தான் செருகுவார். இதில் வலப்பக்கம் தொங்குகிறது. மேலாடையையும் பெரிதாக்கிப் பார்: கிமோனோவின் இடப்பக்கம்தான் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும், ஏனென்றால் வலப்பக்கத்தை மேலே மடிப்பது ஜப்பானில் இறந்தவருக்கு உடுத்தும் முறை. அதைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டிலுக்கு எதிரே மாட்டுவார்களா?

அம்மா: முதலில் அதை நீக்கு, தம்பி.

பெரியப்பா: சாமுராய் என்றால் வெட்டும் குத்தும் மட்டுமல்ல. 1645இல் மறைந்த மியாமோட்டோ முசாஷி வாள்வீச்சில் பெயர்பெற்றவர். அவரே மையால் ஓவியமும் தீட்டினார். பட்டுப்போன நெடுங்கிளையின் உச்சியில் ஒரு கீச்சான் குருவி அமர்ந்திருக்க, அதே கிளையில் சிறு புழு ஒன்று ஊர்ந்து ஏறும் அவருடைய ஓவியத்தின் அச்சு கிடைத்தால் அதை மாட்டலாமே.

கதிர்: குருவி அழகுதான், பெரியப்பா. ஆனால் எனக்கு ஆசை உத்தகாவா குனியோஷியின் மரச்செதுக்கு அச்சுகளின் மேல். 1861இல் மறைந்த அவர், அதே முசாஷி திமிங்கிலத்தின் முதுகில் ஏறி நின்று வாளைப் பாய்ச்சுவதை மூன்று தாள்களில் அமைத்திருக்கிறார். மூன்றையும் சேர்த்தால் முக்கால் மீட்டர் அகலம் வரும்.

சித்தி: அப்படியானால் அது ஒன்றே போதும். ஜப்பானிய வீடுகளில் டோக்கோனோமா என்னும் மாடத்தில் பெரும்பாலும் ஒரேயொரு சுருள் ஓவியத்தைத் தொங்கவிட்டு, பருவத்துக்கு ஏற்ப மாற்றுவார்கள். ஐந்து படம் வரிசையாக வைத்தால் சலூன் கடைச் சுவர் போல இருக்கும். மூன்று தாள்களையும் இடைவெளியில்லாமல் ஒரே சட்டத்துக்குள் வைக்கச் சொல். தனித்தனியாகப் போட்டால் திமிங்கிலம் துண்டு துண்டாகிவிடும்.

பெரியப்பா: எதிர்ச் சுவர் மேற்குச் சுவர் என்பதை மறந்துவிட்டீர்கள். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு சாரல் வந்தால் அதில் ஓதம் ஏறும். தாள் உப்பிப் பூஞ்சை பிடிக்கும். கிழக்குச் சன்னலுக்கு நேரே வைத்தாலும் வெயில் பட்டு நிறம் வெளுத்துவிடும். படிக்கட்டை ஒட்டிய உட்சுவரில், பின்பக்கம் நான்கு மூலையிலும் தக்கை வைத்துக் காற்று புகும்படி மாட்டுவதே நல்லது.

அம்மா: அந்தத் திமிங்கிலப் படத்தில் இரத்தம் தெரிகிறதா?

கதிர்: அலையும் திமிங்கிலத்தின் கரிய முதுகும்தான் படம் முழுவதும் நிறைந்திருக்கின்றன, அம்மா, வீரர் சிறியவராகத்தான் தெரிகிறார்.

அம்மா: சரி, மாட்டிக்கொள். குருவிப் படத்துக்கும் சேர்த்து விலை கேள். அதைக் கூடத்தில் வைக்கலாம்.