சங்கம் இல்லாத இடத்தில் உங்களுக்காகப் பேசியது யார்?

பெரம்பூர், உணவு டெலிவரி:

அப்பா பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளி. 1918ல் வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. எல்லாம் முன்நின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் அவருடைய சங்கம். பிரச்சினை என்றால் கேட் மீட்டிங் போடுவார்கள், தலைவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவார். 1996ல் மில்லை மூடிவிட்டார்கள்.

நான் ஆறு வருஷமாக பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறேன். கூடி நிற்க எனக்கு கேட் கிடையாது. போன வருஷம் மழையில் ஒரு ஆர்டர் கொட்டிப்போனது. கஸ்டமர் புகார் கொடுத்தார், சாயங்காலமே ஆப்பில் என் ஐடி பிளாக், ஆர்டரே எடுக்க முடியாது. சாட்டில் என்ன கேட்டாலும் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற ஒரே வரிதான். நாலு நாள் வருமானம் இல்லை, வண்டிக்கு டியூ கட்டும் தேதி வேறு.

நாங்கள் பார்சல் எடுக்கும் கிச்சனுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, ஆர்டர் வரும்வரை அங்கேதான் நிற்போம். முன்பு ஆட்டோ ஓட்டிய ஒரு அண்ணன், "ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் அனுப்புப்பா" என்று வாங்கி எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டார். மறுநாள் மதியம் பன்னிரண்டரை மணிக்கு, ஆர்டர் குவிகிற நேரம், அறுபது பேர் ஒரே சமயத்தில் லாக் அவுட் செய்தோம். கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. கவுண்டரில் பார்சல் பைகள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன, பிரியாணிப் பையில் எண்ணெய் ஊறி அடி கறுத்துவிட்டது. ஒன்றே முக்காலுக்கு மேனேஜர் என்று ஒருவர் வந்தார். ஆறு வருஷத்தில் கம்பெனி ஆள் ஒருவரின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். ராத்திரிக்குள் ஐடி திரும்பி வந்தது.

ரெண்டு மாசம் கழித்து கிலோமீட்டர் ரேட்டைக் குறைத்தார்கள். இந்தமுறை இருபது பேர்தான் வண்டியை நிறுத்தினோம். அன்றைக்கு மட்டும் இன்சென்டிவ் ஏற்றிவிட்டதால் மற்றவர்கள் ஓட்டினார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டிரைக் நாளில் சங்கத்திலிருந்து அரிசி வரும் என்று அப்பா சொல்வார். எங்கள் குரூப்பில் சந்தா கிடையாது, அரிசிக்கு எங்கே போவது?

2023 ஆகஸ்ட் 15ல் முதலமைச்சர் அறிவித்த கிக் தொழிலாளர் (எங்களைப் போல ஆப் வழியாக வேலை செய்பவர்கள்) நலவாரியத்தில் பதிந்துவிட்டேன். விபத்து, பிள்ளை படிப்புக்கு உதவி உண்டு, நல்லதுதான். எல்லோரும் பதியுங்கள். ஆனால் ரேட் பேச எங்களுக்கு ஆள் வேண்டும்.

தி.நகர், துணிக்கடை:

எங்கள் கடையிலும் சங்கம் கிடையாது. பத்து மணி நேரமும் நின்றபடியே வேலை. ராத்திரி கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருக்கும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜியும் அவருடைய பெண்கூட்டு என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம், உட்காரும் உரிமை வரை போய், 2018ல் கேரளா சட்டத்தையே திருத்தியது. நம் சட்டசபையில் உட்காரும் உரிமைக்கான திருத்தம் 2021 செப்டம்பரில் நிறைவேறியது. அதன்பிறகு எங்கள் தளத்துக்கு நாலு ஸ்டூல் வந்தது. ஆனாலும் சூப்பர்வைசர் வந்தால் பயந்து எழுந்துவிடுவோம். புடவை செக்‌ஷன் அக்கா ஒருவர் சட்டத்தின் நகலை மடித்து பில் புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்தார். ஒருநாள் சூப்பர்வைசர் முறைத்தபோது, அக்கா எழாமலே அதை எடுத்து நீட்டினார். சூப்பர்வைசர் படித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இப்போது மதியத்துக்குமேல் முறைபோட்டு உட்காருகிறோம்.

பெரம்பூர், உணவு டெலிவரி:

அக்கா, ஐடி பிளாக்குக்குக் காட்ட எங்களிடம் அப்படி ஒரு தாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் கூடுகிறோம், மாசம் ஐம்பது ரூபாய் சந்தா போடலாமா என்று பேச. அந்த அக்காவையும் அழைத்து வர முடியுமா?