மூக்கு போகிற வழியில் புஜ்ஜி: எங்கள் வீட்டு பீகிள்

எங்கள் பீகிள் நாய் புஜ்ஜிக்கு இப்போது ஆறு வயது. தாம்பரம் பக்கம் தனி வீடு. நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், அம்மா. இரண்டு மாதக் குட்டியாக வந்தபோது, “குழந்தைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும், சின்ன உடம்பு, முடி கொட்டாது” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நம்பாதீர்கள். குட்டை முடிதான், ஆனால் வருஷம் முழுக்கக் கொட்டும். சோபாத் துணியில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். வாரம் மூன்று நாள் ரப்பர் பிரஷ் போட்டுச் சீவினால் சமாளிக்கலாம்.

முடியை விடுங்கள், பீகிள் என்றால் மூக்குதான். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக ஓடவிட்டு வளர்த்த இனம் இது. ஒரு வாசனை கிடைத்துவிட்டால் நாம் கூப்பிடுவது காதில் ஏறாது. இது தெரியாமல் முதல் வருஷம் முழுக்க, சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று அவளைத் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஒரு நாள் தண்ணீர் கேன் போட வந்தவர் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். ஆளுக்கு ஒரு தெருவாக ஓடினோம். முக்கால் மணி நேரம் கழித்து மார்க்கெட்டில், கருவாடு விற்கும் அம்மாவின் கூடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வாலின் வெள்ளை நுனி மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு பஸ் ரோடு. எப்படித் தாண்டினாளோ! அன்றிலிருந்து ஹார்னஸும் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) கயிறும் இல்லாமல் வாசலைத் தாண்ட விடுவதில்லை. எவ்வளவு பழக்கிய பீகிளாக இருந்தாலும் திறந்த ரோட்டில் அவிழ்த்து விடாதீர்கள்.

அப்புறம் அந்தப் பொங்கல் நாள். சர்க்கரைப் பொங்கலுக்கு அம்மா எடுத்து வைத்த உலர் திராட்சைக் கிண்ணம் ஸ்டூலில் இருந்தது. அம்மா திரும்புவதற்குள் காலி. “திராட்சைதானேடா, ஒண்ணும் ஆகாது” என்றார் அம்மா. எனக்கும் தெரியாது. மகள்தான் எங்கேயோ படித்திருந்தாள், நாய்க்குத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று. ஆட்டோ பிடித்து ஓடினோம். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார் டாக்டர். ஒவ்வொரு திராட்சையும் ஊதிப்போய் முழுசாக வந்து விழுந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை. பிழைத்துக்கொண்டாள். நேரம் கடத்தாமல் வந்ததுதான் காப்பாற்றியது என்றார். திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் இப்போது மேல் அலமாரியில்.

எடை இன்னொரு பாடு. பெண் பீகிளுக்குப் பத்து, பதினொரு கிலோ போதும். மூன்று வயதில் புஜ்ஜி பதினாறு கிலோ. அம்மா கையால் இட்லி, மகள் கையால் பிஸ்கட், நான் தோசை ஓரம். யாரும் அதிகம் கொடுக்கவில்லை, எல்லாரும் கொடுத்தோம். இந்த இனத்துக்குப் போதும் என்பதே தெரியாது. சரி என்று ஒரு வழி செய்தோம். காலையில் அன்றைய சாப்பாட்டை அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். யார் ஆசைப்பட்டாலும் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எட்டு மாதத்தில் நான்கு கிலோ இறங்கியது.

அந்த டப்பாவில் பாதியை இப்போது மகள் வீடு முழுக்க ஒளித்து வைக்கிறாள். பழைய துண்டின் மடிப்பில், முட்டை அட்டையில், செருப்பு ஸ்டாண்டு கீழே. அமெரிக்காவில் 1984 முதல் விமான நிலையங்களில் பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க பீகிள்களை வைத்திருக்கிறார்கள். அந்த மூக்கை வேலை இல்லாமல் விட்டால் குப்பைக்கூடையைத்தான் கிளறும். கால் மணி நேரம் தேடவிட்டால் போதும், மதியம் முழுக்க நிம்மதியாகத் தூங்குகிறாள்.

*

நாங்கள் இன்னொரு பீகிள் குடும்பம். கோயம்புத்தூரில் ஃபிளாட்டில் இருக்கிறோம், எங்களுடையது ஆண் நாய். எங்களுக்குப் பெரிய பிரச்சினை ஊளை. குரைப்பு வேறு, இது வேறு. தலையைத் தூக்கி நீளமாக ஒரு சத்தம், மூன்று மாடிக்குக் கேட்கும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகுதான் அது நடக்கிறது என்று எதிர் வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. கூட்டத்தோடு வாழ்ந்த இனம், தனிமை தாங்காது. இப்போது மாமியார் பகலில் கூட இருக்கிறார், ஊளை பெரும்பாலும் நின்றுவிட்டது. நாள் முழுக்க வீட்டில் ஆள் இல்லை என்றால் தயவுசெய்து பீகிள் வாங்காதீர்கள்.

காதையும் மறக்காதீர்கள். தொங்கும் காதுக்குள் காற்று சரியாகப் போகாது. புளித்த மாவு வாசனை வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நாங்கள் ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பாவம், ரொம்ப வலித்துவிட்டது அவனுக்கு. மழைக்காலத்தில் நடந்துவிட்டு வந்ததும் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்ப்போம். சோர்ந்து, சாப்பாட்டையே மறுக்கிற பீகிளைப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

*

நாங்கள் வேறொரு வீடு. எங்கள் பீகிள் ஜிம்மிக்குப் பதிமூன்று வயது முடிந்துவிட்டது. போன வருஷத்திலிருந்து இரண்டு கண்ணும் தெரியவில்லை. நாற்காலி, மேசை எதையும் இடம் மாற்றாமல் வைத்திருக்கிறோம், அதனால் எதிலும் மோதுவதில்லை. சாயங்காலம் அப்பா தெருமுனை திரும்பும்போதே எழுந்து, மெதுவாக நடந்து போய், கேட் கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான்.