சரிவில் நகரும் மண் பைல்களுக்குத் தரும் பக்கவாட்டுச் சுமை

கேள்வி: கோத்தகிரிச் சரிவில் உள்ள எங்கள் மனையில், மேலே 4 மீட்டருக்கு மெல்ல நகரும் களிமண்ணும் அதன்கீழ் உறுதியான அடுக்கும் உள்ளன. 600 மி.மீ. விட்டமுள்ள பைல்களை (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்களை) வடிவமைக்கையில் கட்டடத்தின் எடையை மட்டும் கணக்கிட்டால் போதுமா?

மறுமொழி 1: போதாது. வழக்கமாகப் பைல் மண்ணைத் தள்ளும். இங்கே மண்ணே பைலைத் தள்ளுகிறது. களிமண் பைலைச் சுற்றி வழியும் நிலையில், மீட்டர் நீளத்துக்கான விசையின் மேல்வரம்பு, வடிகாலற்ற வெட்டு வலிமையின் (உள்ளிருக்கும் நீர் வடிய நேரமில்லாதபோது களிமண் நழுவாமல் தாங்கும் அழுத்தத்தின்) 9 மடங்கை விட்டத்தால் பெருக்கினால் கிடைக்கும். அவ்வலிமை 25 கிலோபாஸ்கல் எனக் கொண்டால், மீட்டருக்கு 135 கிலோநியூட்டன் வீதம் 4 மீட்டருக்கு 540 கிலோநியூட்டன் ஆகிறது. பைலின் தலை கட்டற்றிருந்தால் நழுவல் தளத்தில், அதாவது நகரும் களிமண் உறுதியான அடுக்கைச் சந்திக்கும் மட்டத்தில், பைலை வளைக்கும் வளைவுத் திருப்புத்திறன் 1,080 கிலோநியூட்டன் மீட்டரை எட்டும், அதற்குச் சற்றுக் கீழே இன்னும் கூடும்.

மறுமொழி 2: தரைமட்டத்தை ஒட்டி மண் மேலெழுந்து வழிவிடுவதால், அங்கே 9 மடங்கு என்பது மிகை, 2 மடங்கில் தொடங்கி ஆழத்தோடு உயர்த்துவதே வழக்கம். பைல்களின் இடைவெளியையும் சொல்லுங்கள். அவற்றுக்கிடையே பிதுங்கும் மண்ணின் விசையை இடைவெளியோடு இணைத்து, ஆய்வாளர்கள் இட்டோவும் மாட்சுயியும் 1975இல் தந்த சமன்பாடு இதற்குப் பயன்படும்.

மறுமொழி 3: முதலில் சாய்வுமானி (துளைக்குள் மண் எந்த ஆழத்தில் நகர்கிறது எனக் காட்டும் கருவி) பொருத்தி, நழுவல் தளத்தின் ஆழத்தை ஒரு மழைக்காலமேனும் அளந்துவிடுங்கள். அந்த ஆழம் பிழைத்தால் மேற்கண்ட கணக்கு முழுவதும் பிழைக்கும்.