ஊற்றோரச் சேற்றில் ஹோலி மரம் வருமா?

ஹட்டன் மீனா:
வீட்டுக்குக் கீழே ஊற்றுத் தண்ணீர் வடிகிற ஒரு மூலை இருக்கிறது, வருடம் முழுக்கச் சேறு. இரண்டு தடவை பேரிக்காய்க் கன்று வைத்தேன், இரண்டுமே வேரழுகிப் போய்விட்டன. புளோரிடாவில் இருக்கிற சித்தி மகள், தன் வீட்டுப் பக்கம் தண்ணீர் தேங்குகிற இடத்தில் நிற்கிற ஒரு மரத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். டஹூன் ஹோலியாம். எப்போதும் பச்சை, கிளை நிறையச் சிவப்புப் பழம். அடுத்த முறை வரும்போது விதை கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாள். இங்கே, நம் இலங்கை மலைநாட்டில் வருமா?

நாற்றுமேடை:
வர வாய்ப்பிருக்கிறது அக்கா. இலெக்ஸ் கசீன் என்பது அதன் தாவரவியல் பெயர், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரச் சதுப்புகளிலும் கியூபா, பஹாமாஸ் பக்கமும் இயற்கையாக வளர்வது. ஈரமும் புளிப்பு மண்ணும் பிடிக்கும், நம் தேயிலை மண்ணும் புளிப்புதானே. ஆனால் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண்தான் பழம் தரும், அதற்கும் பக்கத்தில் ஆண் மரம் பூக்க வேண்டும். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கும் வரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. ஹோலி விதை முளைக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், பொறுமை வேண்டும்.

பட்டிப்பொல பாதை:
மீனா, தயவுசெய்து அந்த விதையைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பயணப்பெட்டியில் விதை வருவது சட்டப்படியும் சரியில்லை, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவில் தாவரத் தடுப்புக்காப்புச் சேவையும் இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் கொண்டைக்குருவிதான். அந்தச் சிவப்புப் பழம் பறவைகளுக்கு உயிர், தின்றுவிட்டுப் போய் விதையை எந்தக் காட்டோரத்தில் போடும் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கிற அந்த முட்செடி, கோர்ஸ், ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு ஆள் வைத்துப் பிடுங்க வேண்டியிருக்கிறது, நானும் ஒரு தடவை போய்க் கை கிழிய இழுத்திருக்கிறேன்.

நம்மிடமே ஹோலி இருக்கிறதே! இலெக்ஸ் வாக்கெரி, ஹோர்ட்டன் சமவெளியின் பனிமூட்டக் காட்டில் நிற்கிறது. அங்கே ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறை விளிம்புக்கு நடக்கிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நக்கிள்ஸ் மலையின் பெயரையே வைத்துக்கொண்ட ஒரு ஹோலி இனமும் உண்டு. ஆனால் அவை மேகம் தங்கும் காட்டு மரங்கள், ஊற்றுச் சேற்றில் நிற்கும் என்று நம்பி வைக்காதீர்கள், ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கிருந்து கன்றும் பிடுங்காதீர்கள்.

நாற்றுமேடை:
பறவை விஷயத்தை நான் யோசிக்கவில்லை அண்ணே, நீங்கள் சொல்வதுதான் சரி. அக்கா, யாராவது யூக்கலிப்டஸ் வைக்கச் சொன்னாலும் வேண்டாம், அது ஊற்றுத் தண்ணீரை உறிஞ்சிவிடும். சேற்றில் வல்லாரை போடுங்கள், ஓரமாகச் சேம்பு. மரம்தான் வேண்டுமென்றால் தண்ணீர் வடிகிற இடத்துக்கு மேலே, கரையை மேடாக்கி வையுங்கள்.

ஹட்டன் மீனா:
சித்தி மகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், படம் மட்டும் அனுப்பு என்றேன். வல்லாரை பக்கத்து லயத்திலேயே கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை நடுகிறேன். அண்ணே, அந்த வாக்கெரியை எப்படி அடையாளம் காண்பது? அடுத்த மாதம் பிள்ளைகளோடு உலக முடிவுக்குப் போகிறோம், நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.