வர்ச்சுவல் போட்ட பிறகும் பேரன்ட் கிளாஸின் விலையையே எடுக்கிறது, ஏன்?

புதுசு_கோடர்:

லேபுக்காக சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு மெஸ் பில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு என்று ஒரு பேரன்ட் கிளாஸ், அதில் விலை என்று ஒரு ஃபங்ஷன், 80 ரூபாயைத் திருப்பித் தரும். அதிலிருந்து இன்ஹெரிட் செய்து (அதில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு) ஸ்பெஷல், பார்சல் என்று இரண்டு சைல்ட் கிளாஸ். ஸ்பெஷலில் ஸ்வீட்டுக்கு 40 சேர்த்து 120, பார்சலில் டப்பாவுக்கு 10 சேர்த்து 90. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கினால் 290 வர வேண்டும், ஆனால் 240 வருகிறது, அதாவது மூன்றுக்கும் 80தான் போடுகிறது.

ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸோ அதன் ஃபங்ஷனையே கூப்பிடு என்று சொல்லும் வர்ச்சுவல் என்ற சொல்லைப் போட மறந்திருப்பாய் என்றான் நண்பன். உண்மைதான், மறந்திருந்தேன். பேரன்டில் போட்டேன், திரும்ப கம்பைல் செய்தேன், மறுபடியும் அதே 240. ஆர்டரையெல்லாம் சாப்பாடு டைப் வெக்டர் (வளரும் வரிசை) ஒன்றில் புஷ் பேக் செய்து, அதாவது கடைசியில் சேர்த்து, லூப்பில் கூட்டுகிறேன், வேறொன்றும் இல்லை. ஸ்பெஷலை மட்டும் தனியாக உருவாக்கி விலையைக் கேட்டால் 120 என்று சரியாகச் சொல்கிறது. நாளை மறுநாள் வைவா, யாராவது சொல்லுங்கள்.

சுட்டிக்காரன்:

தவறு வர்ச்சுவலில் இல்லை, வெக்டரில் இருக்கிறது. இதற்குப் பெயர் ஆப்ஜெக்ட் ஸ்லைசிங்.

சாப்பாடு டைப் வெக்டர் என்றால் அதன் ஒவ்வொரு அறையும் ஒரு சாப்பாடு ஆப்ஜெக்டேதான். நீங்கள் ஸ்பெஷலைப் புஷ் பேக் செய்யும்போது அந்த ஸ்பெஷல் உள்ளே போவதில்லை, அதைப் பார்த்து சாப்பாடு கிளாஸின் காப்பி கன்ஸ்ட்ரக்டர் (நகல் எடுத்து ஆப்ஜெக்ட் செய்யும் ஃபங்ஷன்) புதிதாக ஒரு சாப்பாட்டைச் செய்து அறையில் வைக்கிறது. பேரன்ட் பங்கு மட்டும் நகலாகிறது, ஸ்வீட் விலை வெளியிலேயே நின்றுவிடுகிறது.

இடம் போதாமல் வெட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது காரணமே இல்லை. பேரன்டில் ஒரு இன்ட், ஸ்பெஷலில் இன்னொரு இன்ட், ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷன் என்று வைத்து 64 பிட் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் கொண்டு, அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் 16 பைட் என்றுதான் காட்டும் (பேரன்டின் கடைசியில் சும்மா கிடக்கும் 4 பைட்டில் சைல்டின் இன்ட் போய் உட்கார்ந்துகொள்கிறது). இடம் சரியாக இருந்தும் பில் தப்பாகத்தான் வரும். ஏனென்றால் வர்ச்சுவல் ஃபங்ஷன் உள்ள ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்குள்ளும், உன் கிளாஸின் ஃபங்ஷன் பட்டியல் இங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு பாயின்டரை (மெமரி முகவரியை) கம்பைலர் ஒளித்து வைக்கிறது, அந்தப் பாயின்டர் நகலாவதில்லை. சாப்பாடு கன்ஸ்ட்ரக்டர் செய்த ஆப்ஜெக்ட் என்பதால் சாப்பாட்டின் பட்டியலைத்தான் காட்டும். அங்கே போய் விலை எங்கே என்று தேடினால் 80தானே கிடைக்கும்?

வெக்டரில் ஆப்ஜெக்ட்டை வைக்காமல் யுனிக் பாயின்டரை (ஆப்ஜெக்ட்டைக் காட்டும், வேலை முடிந்ததும் தானே அதை அழித்துவிடும் பாயின்டர்) வையுங்கள், சாப்பாட்டுக்கான யுனிக் பாயின்டர். மேக் யுனிக் கொண்டு ஸ்பெஷலை உருவாக்கி அப்படியே தள்ளிவிடலாம். அப்புறம், சாப்பாடு கிளாஸின் டிஸ்ட்ரக்டரையும் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) வர்ச்சுவல் ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் பேரன்ட் பாயின்டர் வழியாக சைல்டை அழிக்கும்போது என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று ஸ்டாண்டர்டே கைவிரித்துவிடுகிறது.

புதுசு_கோடர்:

மிக்க நன்றி அண்ணா, மாற்றிவிட்டேன். ஆனால் இப்போது 280 வருகிறது!! ஸ்பெஷல் 120 சரி. பார்சல் மட்டும் இன்னும் 80லேயே நிற்கிறது. இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதினேன்.

ஜாவா_பக்கம்:

இதனால்தான் நான் ஜாவாவிலேயே இருக்கிறேன் :) அங்கே வேரியபிளில் இருப்பது ரெஃபரன்ஸ் மட்டும், அதனால் ஸ்லைசிங் என்ற பேச்சே கிடையாது. ஸ்டாடிக், பிரைவேட், ஃபைனல் தவிர எல்லா மெத்தடும் சொல்லாமலே வர்ச்சுவல்தான். ஆனால் ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம், ஃபீல்டுக்கு (கிளாஸுக்குள் இருக்கும் வேரியபிளுக்கு) இந்த வர்ச்சுவல் வசதி இல்லை. பேரன்டிலும் சைல்டிலும் ஒரே பெயரில் ஒரு ஃபீல்டு வைத்து, பேரன்ட் டைப் வேரியபிள் வழியாக அதைப் படித்தால் பேரன்டின் மதிப்புதான் வரும், உள்ளே இருப்பது சைல்டாகவே இருந்தாலும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காக ஒரு மதியம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

பழைய_கம்பைலர்:

தம்பி, ஒரே மாதிரி எழுதவில்லை, பந்தயம் கட்டுகிறேன். சாப்பாட்டில் விலை ஃபங்ஷனுக்குப் பின்னால் கான்ஸ்ட் (ஆப்ஜெக்ட்டை மாற்ற மாட்டேன் என்ற உறுதி) இருக்கும், ஸ்பெஷலிலும் இருக்கும், பார்சலில் இருக்காது. போய்ப் பாருங்கள்.

கான்ஸ்ட் உள்ள விலையும் கான்ஸ்ட் இல்லாத விலையும் கம்பைலருக்கு வேறு வேறு ஃபங்ஷன். பார்சலில் நீங்கள் எழுதியது ஓவர்ரைட் ஆகவில்லை, அதாவது பேரன்டின் விலைக்குப் பதிலாக உட்காரவில்லை, அதே பெயரில் புதிதாக இன்னொன்று பிறந்துவிட்டது. பேரன்ட் பாயின்டருக்கு அந்தப் புதியவரைத் தெரியாது, பழைய விலையையே கூப்பிடும். எர்ரரும் இல்லை, ஒன்றும் இல்லை. இதற்காகத்தான் சி பிளஸ் பிளஸ் 11ல் ஓவர்ரைட் என்ற சொல்லையே கொண்டுவந்தார்கள். சைல்ட் கிளாஸில் பேரன்டின் ஃபங்ஷனை மாற்றி எழுதும்போதெல்லாம் அதன் பின்னால் அந்தச் சொல்லை எழுதும் பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பியுங்கள், பேரன்டில் அப்படி ஒரு வர்ச்சுவல் இல்லையென்றால் கம்பைல் ஆகாமல் அங்கேயே நிறுத்திவிடும். (லேபில் டர்போ சி என்ற அந்தக் காலத்துக் கம்பைலர் இல்லையே? இருந்திருந்தால் வெக்டரே கிடைத்திருக்காது, இந்தக் கேள்வியும் வந்திருக்காது.)

ஜாவா நண்பருக்கு: வர்ச்சுவலைக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது மறதியால் வந்ததில்லை. அந்தச் சொல் நார்வேயில் டாலும் நைகார்டும் செய்த சிமுலா 67 என்ற மொழியிலேயே இருக்கிறது. சிமுலாவில் புரோகிராம் எழுதிப் பழகிய, சி பிளஸ் பிளஸ்ஸை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979ல் சி மொழிக்குக் கிளாஸ் சேர்க்க ஆரம்பித்தபோது, பயன்படுத்தாத வசதிக்கு யாரும் விலை கொடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். வர்ச்சுவல் ஃபங்ஷன் சில வருடம் கழித்துத்தான் உள்ளே வந்தது. ஒளிந்திருக்கும் அந்தப் பாயின்டர் 64 பிட்டில் 8 பைட், கோடிக்கணக்கான சின்ன ஆப்ஜெக்ட் வைத்திருப்பவருக்கு அது சும்மா இல்லை.

இன்னொன்று, வெறும் சாப்பாடு என்று உங்கள் மெஸ்ஸில் எதுவும் விற்பதில்லை, விற்பது சாதா, ஸ்பெஷல், பார்சல். சாதாவையும் ஒரு சைல்டாக்கி, சாப்பாட்டில் விலையைப் பியூர் வர்ச்சுவலாக (சைல்டே எழுதியாக வேண்டும் என்று) வைத்துவிட்டால் சாப்பாடு டைப் வெக்டரில் ஒன்றையும் தள்ள முடியாது. முதல் நாளே கம்பைலர் கையைப் பிடித்திருக்கும்.

கேள்வி_மட்டும்:

எல்லாம் சரி, ஸ்பெஷல் சாப்பாட்டையே பார்சல் கேட்டால் எந்தக் கிளாஸ்? இரண்டிலிருந்தும் இன்ஹெரிட் செய்து நான்காவது ஒன்று எழுதுவீர்களா? அப்போது உள்ளே இரண்டு சாப்பாடு இருக்கும், எந்தச் சாப்பாட்டை எடுப்பது என்று கம்பைலர் சண்டைக்கு வரும், அதைத் தீர்க்க வர்ச்சுவல் இன்ஹெரிட்டன்ஸ் (இரண்டுக்கும் பொதுவாக ஒரே சாப்பாடு) என்று கிளம்ப வேண்டும். என்னைக் கேட்டால் பார்சல் என்பது சாப்பாட்டில் ஒரு வகையே இல்லை, கொடுக்கும் விதம். ஆர்டர் என்று ஒரு கிளாஸ், அதற்குள் ஒரு சாப்பாடு, பக்கத்தில் டப்பா காசு 0 அல்லது 10. முடிந்தது. சைல்ட் கிளாஸ் ஒன்று குறைகிறது.

சுட்டிக்காரன்:

@கேள்வி_மட்டும் நியாயம்தான், ஆனால் லேபில் இன்ஹெரிட்டன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துத்தானே மார்க் போடுவார்கள்.

புதுசு_கோடர்:

பழைய_கம்பைலர் அண்ணா, பந்தயத்தில் நீங்களே ஜெயித்தீர்கள், பார்சலில் கான்ஸ்ட் இல்லை. ஓவர்ரைட் போட்டதும் சரியாக அந்த வரியில் எர்ரர் வந்தது. கான்ஸ்ட் சேர்த்தேன், இப்போது 290. ஸ்பெஷல் பார்சல் விஷயத்தை மேடம் வைவாவில் கேட்டால் ஆர்டர் கிளாஸ் என்றே சொல்லப்போகிறேன், அவர்களாகக் கேட்காத வரை நானாக வாயைத் திறக்கப்போவதில்லை.