ரிப்போர்ட் நார்மல்னதும் அம்மா அழுதாங்க

அப்பா போய் எட்டு மாசத்துல அம்மாவுக்கு உள்ளங்கால் எரிச்சல். அப்புறம் பிடரி வலி, நெஞ்சடைப்பு, வயித்துக்குள்ள ஏதோ உருள்ற மாதிரி. சர்க்கரை, பி12, தைராய்டு, எண்டோஸ்கோப்பி, நரம்பு டெஸ்ட்னு எல்லாம் பார்த்தாச்சு. ஃபைல் தடிச்சதுதான் மிச்சம். மூணாவது டாக்டர் சிரிச்சுக்கிட்டே "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா"ன்னார். எனக்கு நிம்மதி. வெளியே வந்ததும் அம்மா அழுதாங்க: "அப்போ நான் பொய் சொல்றேனா?"

நாலாவது டாக்டர் ஃபைலைத் தொடவே இல்லை. "எரிச்சல் எப்பம்மா குறையும்?"னு கேட்டார். எப்ப வரும்னுதான் இதுவரை எல்லாரும் கேட்டிருக்கோம். அம்மா யோசிச்சு, "பக்கத்து வீட்டுக் குழந்தை மடியில தூங்கும்போது"ன்னாங்க. பகல் முழுக்க அவங்க தனியா இருக்காங்கன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

பதில்:
நான் நர்ஸ். துணையை இழந்தவங்க, வேலை போனவங்க, அதிகம் படிக்காதவங்க, பெண்கள்: மனபாரம் உடம்புத் தொந்தரவா வெளிய வர்ற இந்த மாதிரி கேஸ்ல அடிக்கடி பார்க்கிறது இவங்களைத்தான். ஆண்களும் உண்டு, ஆனா யாரும் கேட்கிறதில்லை. ஒருத்தர் கை மரத்துப்போகுதுன்னு நாலு தடவை வந்தார். பேசறதெல்லாம் மனைவிதான். அவங்க மாத்திரை வாங்கப் போன ரெண்டு நிமிஷத்துல என்கிட்ட மெல்ல, "வேலை போய் மூணு மாசம், வீட்ல தெரியாது"ன்னார்.

1999-ல வந்த, 14 நாடுகள்ல நடந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு ஒண்ணு இருக்கு. மனச்சோர்வு இருந்த 1146 பேர்ல 69 சதவீதம் பேர் டாக்டர்கிட்ட வந்த காரணமா சொன்னது உடம்புத் தொந்தரவை மட்டும்தான். வழக்கமா பார்க்கிற டாக்டர்னு ஒருத்தர் இல்லாத இடங்கள்ல இது இன்னும் அதிகம். அம்மாவுக்கு டாக்டரை மாத்திக்கிட்டே இருக்காதீங்க.

பதில்:
கொஞ்சம் பொறுங்க. எனக்கும் "டென்ஷன்"னுதான் எழுதினாங்க, ஆறு வருஷம். மாசாமாசம் சுருண்டு படுப்பேன், ஸ்கேன் நார்மல். கடைசியா லேப்ராஸ்கோப்பில (வயித்துல சின்ன துளை போட்டு கேமரா விட்டுப் பார்க்கிறது) எண்டோமெட்ரியோசிஸ்னு தெரிஞ்சுது, கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு வெளியே வளர்ற நோய். பொம்பளை, சின்ன வயசு, ஸ்கேன்ல ஒண்ணுமில்லை, உடனே மனசு மேல பழி! 2013-ல வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய் கண்டறியும் கையேடு) கூட, உடம்புத் தொந்தரவும் அதைப் பத்தின கவலையும் வாழ்க்கையையே பாதிக்கிற உடல் அறிகுறிக் கோளாறுக்கு "மருத்துவக் காரணம் இருக்கக் கூடாது"ங்கிற நிபந்தனையை எடுத்துடுச்சு. காரணம் இருந்தாலும் இல்லாட்டியும் வலி வலிதானே. இன்னைக்கும் அந்த "டென்ஷன்" சீட்டைக் கிழிக்காம வச்சிருக்கேன்.

பதில்:
முதல்ல எழுதினவன்தான். எரிச்சல் முழுசா போகலை. அதே டாக்டர், மாசம் ஒரு தடவை, வலி கூடினாலும் குறைஞ்சாலும் அதே தேதிக்குப் போறோம். உங்க பதிலைப் படிச்சுட்டு நேத்து அவர்கிட்டயே கேட்டேன், "புதுசா ஏதாவது வந்தா மறுபடி டெஸ்ட் எடுப்பீங்களா?"ன்னு. நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள அம்மாவோட காலைத் தொட்டுப் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.